குள்ளப் பையன் ஆக்கியில் ஜெயிப்பானா?

காஞ்சீபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீடு. கூடத்தில் தறி. தறிக்கு எதிரே வாசல் நிலை. அந்த நிலைக்கட்டையில் பென்சிலால் போட்ட கோடுகள் இருக்கின்றன.

பால் கணக்கா? இல்லை. பட்டுக் கணக்கா? அதுவும் இல்லை. அந்த வீட்டுப் பையனின் உயரம்!

மாதம் பிறந்ததும் பையன் நிலையில் முதுகை ஒட்டி நிற்பான். அக்காள் அவன் தலைமேல் ஸ்கேலை வைத்து ஒரு கோடு போடுவாள். ஆறு மாதமாகக் கோடு மேலே ஏறவில்லை. ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்து, கறுப்பாகத் தடித்துக் கிடக்கிறது.

பையனுக்கு வயது 13. எட்டாம் வகுப்பு. பள்ளிக்கூடத்து ஆக்கி அணியில் அவன்தான் எல்லோரையும்விட வேகமாக ஓடுகிறவன். எல்லோரையும்விடக் குள்ளமானவனும் அவன்தான். கோடையில் விளையாட்டு விடுதிக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். போகலாமா, வேண்டாமா என்பதுதான் இப்போது வீட்டில் பேச்சு.

"இந்த உயரத்தை வைத்துக்கொண்டு ஆக்கிக்குப் போகிறானாம்! அங்கே ஆறடி ஆட்கள் வருவார்கள். ஒரு இடி இடித்தால் இவன் எங்கே போய் விழுவானோ!" என்கிறார் அப்பா, தறிக்குழிக்குள் காலை விட்டபடியே.

"உங்கள் அப்பாகூடக் குள்ளம்தானே? அவர் நெய்த புடவையை யாராவது வேண்டாம் என்றார்களா?" என்கிறாள் அம்மா.

அப்பா பதில் சொல்லவில்லை. நாடா ஓடுகிறது.

இந்தப் பேச்சு ஒரு வீட்டோடு போகிறதா? பிள்ளை விளையாடுகிற வீடுகள் பலவற்றில் இதே கேள்வி உண்டு. ஒல்லியாக இருக்கிறானே, குட்டையாக இருக்கிறாளே, மேலே போக முடியுமா என்று பெற்றோர் தயங்குகிறார்கள். தயக்கத்துக்குக் காரணமும் இருக்கிறது. விடுதியில் இடம் கிடைத்தால் சாப்பாடு, தங்கும் இடம், பயிற்சி எல்லாம் அரசு செலவு. நன்றாக ஆடினால் பிறகு ரெயில்வே, போலீஸ், வங்கி என்று வேலைக்கு வழி உண்டு. தமிழ்நாட்டு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடும் இருக்கிறது. ஒரு பட்டுப் புடவை நெய்து முடிக்க இரண்டு வாரம் உட்கார வேண்டிய வீட்டுக்கு இது சின்ன விஷயம் அல்ல.

ஆகவே கேள்வியை நேராகவே கேட்டுவிடலாம். குள்ளமானவர்கள் ஆக்கியில் பெரிய ஆட்டக்காரர் ஆக முடியுமா?

பந்து எங்கே இருக்கிறது?

கூடைப்பந்தாட்டத்தில் கூடை தலைக்கு மேலே 10 அடி உயரத்தில் தொங்குகிறது. கைப்பந்தாட்டத்தில் வலைக்கு மேலே எம்பி அடிக்க வேண்டும். அங்கெல்லாம் நெடியவனுக்கு முதல் மரியாதை. அது நியாயம்தான்.

ஆக்கியில் பந்து பெரும்பாலும் தரையில் கிடக்கிறது. எட்டடி மனிதன் வந்தாலும் குனிந்துதான் ஆக வேண்டும்! குள்ளமானவன் பாதி குனிந்தே பிறந்திருக்கிறான். அவன் உடம்பின் பாரம் தரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதனால் ஓடுகிற வேகத்தில் சட்டென்று நிற்கவும், இடமிருந்து வலம் திரும்பவும் அவனுக்குச் சுலபம். நெடிய ஆட்டக்காரர் திரும்பி முடிப்பதற்குள் அவன் இரண்டு எட்டு தள்ளிப் போயிருப்பான்.

"இடித்துத் தள்ளிவிடுவார்களே!" என்ற பயம் அப்பாவுக்கு இருக்கிறது அல்லவா? அதற்கும் பதில் உண்டு. ஆக்கி விதிகளின்படி எதிரியின் உடம்பைத் தள்ளக் கூடாது. தோளால் மோதக் கூடாது. சட்டையைப் பிடிக்கக் கூடாது. எதிரியின் மட்டையை அடிப்பதும் தப்பு. செய்தால் நடுவர் ஊதலை ஊதுவார். தப்பு பெரிதானால் அட்டையைக் காட்டி வெளியே உட்கார வைப்பார். ஆட்டத்தின் வேகத்தில் மோதல் நடக்காமல் இருக்காது. ஆனால் மோதி வீழ்த்துவது அங்கே வித்தை அல்ல, குற்றம்.

காஞ்சீபுரத்துக்காரர்களுக்கு வேறு மாதிரியும் சொல்லலாம். வரதராஜப் பெருமாள் கருட சேவைக்குப் புறப்படும்போது தோள் கொடுக்கிறவர்களைப் பாருங்கள். தண்டின் இருபுறமும் உயரம் ஒத்தவர்களாகப் பார்த்துத்தான் நிறுத்துவார்கள். ஒருவர் நெட்டை, ஒருவர் குட்டை என்றால் சுவாமி சாய்ந்துவிடும். ஆக்கி அணியில் இந்தக் கவலை இல்லை. 11 பேரும் 11 உயரத்தில் இருக்கலாம்.

உடைந்த மட்டையில் பழகியவர்

மகாராஷ்டிரத்தில் பூனா நகரத்தை ஒட்டி கட்கி என்ற ஊர் இருக்கிறது. அங்கே ராணுவத் தளவாடத் தொழிற்சாலை உண்டு. தொழிற்சாலை ஊழியர் குடியிருப்பில் ஒரு தமிழ்க் குடும்பம். அப்பா பெயர் நாகலிங்கம் பிள்ளை. மைதானத்தைப் பராமரிப்பது அவர் வேலை. அம்மா ஆண்டாளம்மா. 1968-ம் ஆண்டு ஜூலை 16-ந் தேதி அந்த வீட்டில் நாலாவது மகன் பிறந்தான். பெயர் தன்ராஜ். செல்வத்துக்கு ராஜா என்று பொருள். வீட்டில் செல்வம் மட்டும் இல்லை!

பையன்களுக்கு ஆக்கி மட்டை வாங்கப் பணம் ஏது? பெரியவர்கள் உடைத்துத் தூக்கி எறிந்த மட்டைகளைப் பொறுக்கி, பிசின் ஒட்டி, கயிறு சுற்றி வைத்துக்கொண்டார்கள். தேய்ந்துபோன பழைய பந்துதான் பந்து. புழுதி மண்தான் மைதானம். சமமாக இல்லாத மண்ணில் பந்து எப்போது எந்தப் பக்கம் துள்ளும் என்று யாருக்குத் தெரியும்? அதைக் கட்டுப்படுத்தப் பழகிய கைக்குப் பிறகு வழுவழுப்பான தரை ஒரு பொருட்டா?

தன்ராஜ் பயில்வான் அல்ல. ஒல்லி உடம்பு. அவருக்கு முன்மாதிரி காசியில் பிறந்த முகமது ஷாகித். அவரும் மல்லர் அல்ல. பந்தை மட்டைக்கும் தரைக்கும் நடுவில் வைத்துக்கொண்டு, இதோ கொடுக்கிறேன் என்று காட்டிக் கொடுக்காமல் போகும் வித்தையில் அவர் மன்னர். அந்த ஆட்டத்தைப் பார்த்துப் பார்த்துத் தன்ராஜ் தம் ஆட்டத்தை அமைத்துக்கொண்டார். அண்ணன் ரமேஷ் பம்பாயில் ஆக்கி ஆடிக்கொண்டிருந்தார். தம்பியையும் அங்கே அழைத்துப் போனார். அதற்குப் பிறகு நடந்ததை நாடே பார்த்தது.

1989-ம் ஆண்டு இந்திய அணியில் இடம். பிறகு 1992, 1996, 2000, 2004 என்று நான்கு ஒலிம்பிக் பந்தயங்கள். நான்கு உலகக் கோப்பைப் போட்டிகள். நான்கு ஆசிய விளையாட்டுகள். 1998-ல் பாங்காக் நகரில் ஆசிய விளையாட்டு நடந்தபோது அவர்தான் இந்திய அணியின் கேப்டன். இறுதிப் போட்டியில் தென்கொரியாவைத் தோற்கடித்து இந்தியா தங்கம் வென்றது. அந்தத் தங்கம் 32 ஆண்டுகளுக்குப் பிறகு திரும்பி வந்த தங்கம்!

ஆக்கியை வைத்துப் பிழைக்க முடியுமா என்று கேட்கிறவர்களுக்கும் அவர் வாழ்க்கையில் பதில் இருக்கிறது. லண்டனில் ஆடினார். பிரான்சில் லியோன் நகர அணிக்கு ஆடினார். ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் அணிக்கும், மலேசியாவில் கிளப் அணிகளுக்கும் ஆடினார். நெட்டை நெட்டையான ஐரோப்பியர்கள் நிறைந்த நாட்டில், ஒல்லியான ஒரு தமிழரைச் சம்பளம் கொடுத்து அழைத்தார்கள் என்றால், அவர்கள் அவரைச் சுவரில் நிறுத்தி அளந்து பார்த்தா அழைத்திருப்பார்கள்?

ஒரு குவளைப் பாலில் தண்ணீர்

அரியானா மாநிலத்தில் ஷாகாபாத் மார்க்கண்டா என்று ஒரு சிற்றூர். அங்கே வண்டி இழுத்துப் பிழைத்த ராம்பால் என்பவரின் மகள் ராணி. ஊரில் ஆக்கிப் பயிற்சி நடக்கும் மைதானத்தை அந்தச் சிறுமி தினமும் வேடிக்கை பார்ப்பாள். ஒரு நாள் தன்னையும் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டாள்.

பயிற்சியாளர் ஏற இறங்கப் பார்த்தார். வற்றிப்போன உடம்பு. "உனக்குத் தெம்பு போதாது" என்று சொல்லிவிட்டார்.

சிறுமி அழுதுகொண்டு வீட்டில் உட்காரவில்லை. ஒரு உடைந்த மட்டையைத் தேடி எடுத்தாள். சல்வார் கமீசைப் போட்டுக்கொண்டே ஓடிப் பழகினாள். திரும்பத் திரும்பப் போய்க் கேட்டாள். கடைசியில் பயிற்சியாளருக்கே மனம் இளகியது.

சேர்ந்தபின் இன்னொரு சோதனை. பயிற்சிக்கு வரும் ஒவ்வொரு பெண்ணும் தினம் அரை லிட்டர் பால் கொண்டுவந்து குடிக்க வேண்டும். ராணி வீட்டில் 200 மில்லிக்கு மேல் வாங்க வசதி இல்லை. என்ன செய்தாள்? யாருக்கும் தெரியாமல் பாலில் தண்ணீரைக் கலந்து அளவை நிரப்பினாள்! வீட்டில் கடிகாரமும் கிடையாது. விடியற்காலைப் பயிற்சிக்கு மகளை எழுப்புவதற்காக அம்மா தூங்காமல் வானத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பாளாம். இதை ராணியே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

2010-ல் அர்ஜெண்டினாவில் பெண்கள் உலகக் கோப்பை நடந்தது. ராணிக்கு அப்போது வயது 15. ஏழு கோல்கள் அடித்தார். போட்டியின் சிறந்த இளம் ஆட்டக்காரர் என்ற பட்டம் அவருக்குக் கிடைத்தது. 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் அவர் தலைமையில்தான் இந்தியப் பெண்கள் ஆஸ்திரேலியாவைக் கால் இறுதியில் வீழ்த்தி நாலாவது இடத்துக்கு வந்தார்கள். 2024-ல் அவர் ஓய்வு பெற்றபோது, அவர் அணிந்த 28-ம் எண் சட்டையை இனி வேறு யாருக்கும் கொடுப்பதில்லை என்று ஆக்கி சங்கம் அறிவித்தது.

இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தப் பெண்ணுக்குக் குறை உயரத்தில் இல்லை, பாலில் இருந்தது. தெம்பு போதாது என்று பயிற்சியாளர் சொன்னதும் பொய் அல்ல. ஆனால் தெம்பு ஏற்றக்கூடிய சரக்கு. ஆட்டம் கையில் இல்லாதவனுக்கு ஆட்டத்தை ஏற்றுவது அதைவிடக் கஷ்டம்.

நெட்டைக்கு வேலை இல்லையா?

அப்படியும் சொல்லிவிட முடியாது. குள்ளமானவர்களைச் சந்தோஷப்படுத்துவதற்காக உண்மையை மறைப்பது சரியல்ல.

கோல் கம்பத்தின் உயரம் 7 அடி, அகலம் 12 அடி. அதைக் காக்க நீண்ட கை காலுக்கு லாபம் உண்டு. டோக்கியோவிலும், 2024-ல் பாரீசிலும் இந்தியாவுக்கு வெண்கலம் வாங்கித் தந்த கோல் கீப்பர் ஸ்ரீஜேஷ் நெடிய மனிதர். பெனால்டி கார்னரில் பந்தை மட்டையில் தேக்கி, இழுத்து, சுழற்றி எறிகிற வித்தை ஒன்று இருக்கிறது. 'டிராக் பிளிக்' என்பார்கள். கவண் கல் மாதிரி அது. கயிறு நீளமானால் கல் வேகமாகப் போகும் அல்லவா? நீளமான கையும் உரமான இடுப்பும் அதற்கு உதவி. அந்த வித்தைக்குப் பெயர் பெற்ற ரூபிந்தர் பால் சிங்கின் உயரம் 6 அடி 4 அங்குலம்! எதிரியின் காலடியிலிருந்து பந்தைத் தட்டிப் பறிக்கும் பின்கள ஆட்டக்காரருக்கும் எட்டுகிற கை பலம்தான்.

2024 அக்டோபரில் ஆக்கி இந்தியா லீக் போட்டிக்கு ஏலம் நடந்தது. அதிக விலைக்குப் போனவர் ஹர்மன்பிரீத் சிங். 78 லட்சம் ரூபாய்! அவர் பெனால்டி கார்னர் நிபுணர். ஆனால் அவருக்கு அடுத்து 72 லட்சத்துக்குப் போன அபிஷேக், பந்தோடு எதிரியின் வட்டத்துக்குள் புகுந்து கோல் போடுகிற முன்கள ஆட்டக்காரர். 70 லட்சத்துக்குப் போன ஹர்திக் சிங் நடுக்களத்தில் பந்தை எடுத்துக்கொண்டு ஓடுகிறவர். ஏல மண்டபத்தில் எல்லா வேலைக்கும் விலை இருந்தது.

ஆட்டத்தின் விதிகள் மாறியதும் சின்ன உடம்புக்காரர்களுக்குச் சாதகம்தான். முன்பெல்லாம் எதிரியின் பின்கள ஆட்டக்காரர்களைத் தாண்டி முன்னால் போய் நின்றால் 'ஆப்சைடு' என்று ஊதிவிடுவார்கள். அந்த விதி 1998-ல் அடியோடு போய்விட்டது. காலி இடத்தை மோப்பம் பிடித்து ஓடுகிற பையனுக்குக் கதவு திறந்துவிட்டது. இன்னொன்று, ஆட்டக்காரர்களை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். ஆகவே ஒருவர் சில நிமிஷம் புயலாக ஓடிவிட்டு வெளியே வந்து மூச்சு வாங்கலாம்.

1976-ல் மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் முதன்முதலாகச் செயற்கைப் புல்லில் ஆக்கி ஆடினார்கள். இந்தியா ஏழாவது இடத்துக்குப் போய்விட்டது. "நம்மவர்களுக்கு உடம்பு போதாது" என்ற புலம்பல் அதற்குப் பிறகு வெகு காலம் கேட்டது. ஆனால் 1980-ல் மாஸ்கோவில், தமிழ்நாட்டுக்காரரான பாஸ்கரன் தலைமையில் இந்தியா தங்கம் வென்றது. ஷாகித் ஆடியது அந்த அணியில்தான். அதுவும் செயற்கைப் புல்தான்! அந்த ஆண்டு பல நாடுகள் வரவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. அடுத்த ஒலிம்பிக் ஆக்கிப் பதக்கத்துக்கு 2021 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. காரணம் உயரமா? மைதானங்கள் இல்லை, செயற்கைப் புல் நம் பிள்ளைகளுக்கு எட்டவில்லை. பழியை மட்டும் உடம்பின் மேல் போட்டுவிட்டார்கள்.

மோதுவதே ஆட்டமாக இருந்தால்?

கனடா, அமெரிக்கா நாடுகளில் பனிக்கட்டித் தரையில் ஆடும் ஆக்கி வேறு வகை. அங்கே தோளால் மோதித் தள்ளுவது விதிப்படியே சரி! அந்த ஆட்டத்தில் குள்ளமானவர் கதி என்ன?

மார்ட்டின் சென்ட் லூயி என்று ஒருவர். கனடா நாட்டுக்காரர். உயரம் 5 அடி 8 அங்குலம். தொழில் அணிகள் இளைஞர்களைத் தேர்ந்தெடுக்கும் வரிசையில் அவர் பெயரை எந்த அணியும் சொல்லவில்லை. அவர் விடாமல் ஆடினார். 2004-ல் அந்த லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருது அவருக்குத்தான். அதே ஆண்டு அவருடைய தம்பா பே அணிதான் ஸ்டான்லி கோப்பையையும் வென்றது. அவருக்கு முன்பே தியோ பிளூரி என்று 5 அடி 6 அங்குல மனிதர் ஒருவர் அங்கே ஆயிரம் புள்ளிகளுக்கு மேல் குவித்திருக்கிறார்.

புல் ஆக்கியில் ஆஸ்திரேலியாவின் ஜேமி டுவையர் சுமார் 5 அடி 8 அங்குலம். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில், கூடுதல் நேரத்தில் தங்கத்தை முடிவு செய்த கோல் அவர் அடித்தது. உலகின் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருதை ஐந்து முறை வாங்கினார்.

5 அடி 8 அங்குலம் என்றால் அங்கே குட்டை. காஞ்சீபுரம் ராஜ வீதியில் நடந்து போனால் "நல்ல உயரம்" என்பார்கள்! உயரம் என்பதும் ஊரைப் பொறுத்ததுதான்.

13 வயதில் அளப்பது சரியா?

நிலைக்கட்டைக் கோட்டுக்குத் திரும்பி வருவோம். ஆண் பிள்ளைகள் வேகமாக வளர்வது பெரும்பாலும் 14 வயதை ஒட்டி. பெண் பிள்ளைகளுக்கு 12 வயதை ஒட்டி. சிலருக்கு முன்னதாக வரும். சிலருக்குப் பின்னதாக வரும். ஒரே வகுப்பில் ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும். பக்கத்தில் இருப்பவனுக்குக் குரல்கூட உடைந்திருக்காது. இரண்டு பேரையும் ஒரே நாளில் நிற்க வைத்து, பெரியவனை எடுத்துக்கொண்டு சின்னவனை அனுப்பினால், தேர்ந்தெடுத்தது திறமையை அல்ல, முந்தி வளர்ந்ததை.

கனடாவில் 1980-களில் ஆராய்ச்சிக்காரர்கள் ஒரு வேடிக்கையைக் கண்டுபிடித்தார்கள். சிறந்த இளைஞர் அணிகளில் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பிறந்தவர்களே அதிகம்! ஜாதகப் பலனா? இல்லை. அங்கே வயதுப் பிரிவை ஜனவரி 1-ந் தேதியை வைத்துக் கணக்கிட்டார்கள். ஜனவரியில் பிறந்தவன் டிசம்பரில் பிறந்தவனைவிட ஏறக்குறைய ஒரு வயது பெரியவன். பெரியவனாகத் தெரிந்தவனை எடுத்தார்கள். எடுத்தவனுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அவன் சிறந்தவன் ஆகிவிட்டான்.

குள்ளப் பையனுக்கு இன்னொரு இடைஞ்சல் மட்டை. அண்ணன்மார் ஆடிய பெரிய மட்டையே பள்ளிக்கூடத்தில் கைக்கு வரும். நீளமான மட்டையைப் பிடித்த சிறுவன் குனிய முடியாது. கை மார்புக்கு ஏறிவிடும். ஆட்டம் கெட்டுப்போகும். மட்டையை நிறுத்தி வைத்தால் இடுப்பு எலும்பு வரை வர வேண்டும். அதுதான் அளவு. ஆளைக் குறை சொல்வதற்கு முன் மட்டையை மாற்றிப் பார்க்கலாம்.

சாப்பாட்டையும் பார்க்க வேண்டும். சத்துணவில் கொடுக்கும் முட்டையைப் பையன் தின்கிறானா, பக்கத்துப் பையனுக்குக் கொடுத்துவிடுகிறானா? வேர்க்கடலை, சுண்டல், பருப்பு, கிடைத்தால் பால், மீன். இவற்றுக்கு மிஞ்சிய டானிக் இல்லை. உயரம் வளர மாத்திரை, பொடி என்று விற்பவர்களிடம் காசைக் கொட்டுவது வீண். உயரத்துக்கு மரியாதை வேண்டுமானால் பெருமாள் கோயில் குடலை இட்லிக்குக் கொடுக்கலாம். இந்த ஊரில் நீளத்தால் பெயர் வாங்கியது அது ஒன்றுதான்!

கோவில்பட்டி வழி

தெற்கே கோவில்பட்டி இருக்கிறது. காஞ்சீபுரத்துக்குத் தறி எப்படியோ, அந்த ஊருக்குத் தீப்பெட்டி அப்படி. அதோடு கடலை மிட்டாய், ஆக்கி. கரிசல் மண்ணில் ஆக்கி அங்கே தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. அங்கே பயிற்சி பெற்ற இரண்டு பேர், கோவில்பட்டி மாரீஸ்வரனும் அரியலூர் கார்த்தியும், 2022-ல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியச் சட்டை போட்டார்கள். அணி வெண்கலம் வாங்கியது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் சென்னையில் மலேசியாவுக்கு எதிராகக் கார்த்தி கோல் அடித்தபோது மைதானமே எழுந்து நின்றது. இரண்டு பேரும் வசதியான வீட்டுப் பிள்ளைகள் அல்ல. விடுதியில் சேர்ந்து, சாப்பாடும் பயிற்சியும் கிடைத்து மேலே வந்தவர்கள்.

பிள்ளையார்பாளையத்தில் தறி நின்றிருக்கிறது. விளக்கு வைக்கும் நேரம். அப்பா குழியிலிருந்து எழுந்து காலை உதறிக்கொள்கிறார். கோர்வைப் புடவை, மறுபக்கம் நாடா வாங்கிக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும். பையன் போய்விட்டால் அந்த இடத்துக்குக் கூலிக்கு ஆள் தேட வேண்டும். அவர் மனதில் இருந்த கணக்கு அதுவும்தான். உயரத்தை மட்டும் வாயால் சொன்னார்.

"ஏண்டா, அங்கே உயரம் பார்ப்பது மட்டும்தானா? இல்லை, ஓடவும் விடுவார்களா?"

"ஓட விடுவார்கள் அப்பா. பந்து உருட்டிக் காட்டச் சொல்வார்கள். ஆடவும் விடுவார்களாம். சார் சொன்னார்."

அப்பா நிலைக்கட்டையைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார்.

"எந்தத் தேதி என்று கேட்டுக்கொண்டு வா. அன்றைக்குத் தறி போட வேண்டாம். நானும் வருகிறேன்."